திருப்பிப் போட்ட மைதானம்

எங்கள் ஊர் மைதானத்துக்கு அரசாங்கம் பணம் ஒதுக்கிய செய்தியை என் அண்ணன்தான் கொண்டுவந்தார். அப்போது நான் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் முட்டை உரித்துக்கொண்டிருந்தேன். அங்கே நான் அமைப்பாளர். சாக்கோட்டை ஒன்றிய அலுவலகத்திலிருந்து நேராக வண்டியை விட்டுக்கொண்டு வந்தவர், வாசலில் நின்றபடியே, "ஏத்தா, சாங்ஷன் ஆயிருச்சு!" என்று கத்தினார். அங்கே சமையல் வேலை பார்த்த ஆயாம்மா எனக்கு ஏதோ சம்பள உயர்வு வந்துவிட்டதென்று நினைத்து, "அப்ப எனக்கும் உண்டாக்கா?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் காலத்தில் எனக்குச் சிரிப்பெல்லாம் சீக்கிரம் வரும்.

அண்ணன் எங்கள் ஊராட்சியில் வார்டு உறுப்பினர். பிழைப்புக்குப் பந்தலும் சேரும் வாடகைக்கு விடுகிறார். கல்யாணமோ கருமாதியோ, எங்கள் ஊர் உட்காருவது அவர் சேரில்தான். என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருப்பதால், என் மகளுக்கு நல்லது கெட்டது பார்ப்பதும் அண்ணன்தான். சிவகங்கை கலெக்டர் ஆபீசில் மனு வாங்கும் திங்கட்கிழமை வந்தால் கடையைப் பூட்டிவிட்டுப் போய்விடுவார். "உங்களுக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?" என்று மதினி சத்தம் போடுவார். "வேண்டாத வேலையா? என் தங்கச்சி மகளுக்கு ஒரு நல்ல கிரவுண்டு வேணாமா?" என்பார் அண்ணன். அவர் அவளுக்காகத்தான் ஓடினார். இதை நான் எந்தக் கோயிலிலும் சத்தியம் பண்ணிச் சொல்வேன்.

மகள் அப்போது பிளஸ் ஒன். வாலிபால் ஆடுவாள். பள்ளிக்கூடத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பொட்டல், அதில் நட்டுவைத்த இரண்டு இரும்புக் குழாய், அவற்றுக்கு நடுவே தைத்துத் தைத்துப் போட்ட வலை, சுண்ணாம்புக் கோடு. இவ்வளவுதான் மைதானம். மழை பெய்தால் சேறு. வெயில் அடித்தால் நெருஞ்சி. ஆனாலும் பள்ளி விட்டதும் பிள்ளைகள் அங்கே போய்விடும். இவள் பின்வரிசையில் நிற்பாள். எதிர்ப்பக்கத்தில் எவ்வளவு வேகமாக அடித்தாலும் பந்தைத் தரையில் விழவிடாமல் எடுத்துக்கொடுப்பது இவள் வேலை. பார்க்கிறவர்களுக்கு அடிக்கிற பெண்தான் கண்ணில் படுவாள். எடுத்துக்கொடுக்கிறவளை யார் பார்க்கிறார்கள்? நான் பார்ப்பேன். முழங்கால் முழுக்கச் சிராய்ப்போடு வந்து நிற்பாள், "ஒரு பந்துகூட விழலைம்மா" என்பாள்.

அவளுடைய விளையாட்டு ஆசிரியர் என்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார், அடுத்த வருஷம் மாவட்ட அணித் தேர்வில் இவளை எடுத்துவிடுவார்கள் என்று. மாவட்ட அணியில் ஆடிய சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி கிடைக்கும், விடுதி கிடைக்கும், சாப்பாடு கிடைக்கும். அது இல்லாவிட்டால் இவள் வாங்குகிற மார்க்குக்கு எந்த நல்ல கல்லூரியும் கதவைத் திறக்காது. அவளுக்கும் அது தெரியும். அவள் கும்பிட்டது எல்லாம் அந்த ஒரு வருஷத்தைத்தான்.

சாங்ஷன் ஆனதும் வேலை மளமளவென்று தொடங்கியது. பொட்டலைச் சுற்றித் தகரத்தை அடித்தார்கள். குழாய் இரண்டையும் பிடுங்கிச் சுவரோரம் சாய்த்தார்கள். இயந்திரம் வந்து வடக்கு ஓரத்தில் மேடைக்குக் குழி தோண்டியது. மேடை, பார்வையாளர் உட்காரப் படி, சுற்றுச்சுவர், விளக்குக் கம்பம், புதுத் தரை எல்லாம் உண்டு என்றார் அண்ணன். "ஆறு மாசம் பொறுத்துக்கடா தாயி. அப்புறம் நீ ஆடுறதைப் பாக்க டிக்கெட்டு போட்டுத்தான் விடணும்" என்று அவள் தலையில் தட்டினார். அவளும் சரி மாமா என்று தலையாட்டினாள்.

குழி தோண்டிய பிறகுதான் ஊருக்குக் கண் தெரிந்தது. மேடை எமன் திசையான தெற்கைப் பார்த்து வருகிறதே!

ஊர்க்கூட்டம் போட்டார்கள். அண்ணன் சேர்தான். சிவகங்கையிலிருந்து வந்திருந்த என்ஜினியர் வரைபடத்தை ஒரு சேரில் விரித்து, காற்றில் பறக்காமல் தண்ணீர்ப் பாட்டிலை மேலே வைத்தார். பொதுமக்கள் பங்காகக் கட்ட வேண்டிய பணத்தை ஊர்ப் பெரிய வீட்டுக்காரர்கள் கொடுப்பதாக ஏற்பாடு. அந்த வீட்டில் எல்லாரும் சென்னையில் இருக்கிறார்கள். சாமி கும்பிட வந்திருந்த மூத்தவர் அன்றைக்குக் கூட்டத்துக்கும் வந்திருந்தார். நல்ல மனுஷர், அதிர்ந்து பேசமாட்டார். வரைபடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வாசல் எங்குட்டு வருது?" என்று கேட்டார்.

என்ஜினியர் காட்டினார்.

"வாசல்ல நின்னாக் கடைசி வரைக்கும் நேராத் தெரிய வேணாமா? நம்ம பக்கம் அப்படித்தானே கட்டுறது?"

எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளைப் பார்த்தவர்களுக்கு அவர் சொன்னது புரியும். முன் தெருவில் நின்றால் வாசலுக்குள் வாசல், அதற்குள் இன்னொரு வாசல் என்று ஒரே நேராகப் பார்வை ஓடிப் பின் தெருவில் போய் நிற்கும். அப்படி ஓடாவிட்டால் கட்டியவருக்குக் குறை. வாங்கித் தின்கிற வீட்டுக்காரர்கள்கூட ஓலைக் கொட்டகையில் இரண்டு கதவை நேருக்கு நேர் வைத்துக்கொள்வார்கள். அன்றைக்கு ஊரே தலையாட்டியது. கிழக்கே வாசல், அதில் ஒரு வளைவு. மேற்கே மேடை, கிழக்குப் பார்த்து. நடுவில் ஆடுகளம் வாசலுக்கும் மேடைக்கும் நேராக, நீளவாக்கில். வளைவில் நின்று பார்த்தால் வலை நட்டநடுவில் தெரிய, அதற்குப் பின்னால் மேடை தெரிய வேண்டும்.

"இது வீடு இல்லைங்க, கிரவுண்டு" என்றார் என்ஜினியர்.

"ஊருக்குப் பொதுவான வீடுதானே சார்" என்றார் அண்ணன். கூட்டத்தில் கைதட்டல்.

"கோர்ட்டை வடக்கு தெற்காத்தான் போடணும். கிழக்கு மேற்காப் போட்டா சாயங்காலம் ஒரு பக்கத்து டீமுக்கு வெயில் நேராக் கண்ணுல அடிக்கும். பந்தே தெரியாதுங்க."

"அதான் லைட்டு போடுறீகல்ல? இருட்டின பிறகு ஆடட்டும்" என்றார் அண்ணன்.

எனக்குப் பொறுக்கவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தேன். "என்னண்ணே பேசுறீக? இருட்டின பிறகு எந்தப் பொம்பளப் பிள்ளைய வெளிய விடுறீக? விளக்கு வைக்கும்போது வீட்டுல இல்லைன்னா நீங்கதானே முதல்ல வந்து சத்தம் போடுவீக?"

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனும்தான். "ஏத்தா, உன் மகளுக்கு நான் காவலுக்கு நிக்கிறேன், போதுமா? உக்காரு" என்றார். உட்கார்ந்தேன். உட்காராமல் வேறு என்ன செய்வது? பெரிய வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுக் காரில் ஏறினார். என்ஜினியர் பாட்டிலிலிருந்த தண்ணீரைக் குடித்துவிட்டு, வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு, "மாத்தி எழுதித்தான் மேல அனுப்பணும். லேட்டாகும், சொல்லிட்டேன்" என்று கிளம்பினார்.

அவர் சொன்ன லேட்டு நான் நினைத்த லேட்டு இல்லை. புது வரைபடம், புது மதிப்பீடு எல்லாம் சிவகங்கைக்குப் போயின. சிவகங்கையிலிருந்து சென்னைக்குப் போயின. சென்னையிலிருந்து ஒரு கேள்வியோடு திரும்பி வந்தன. பதில் போவதற்குள் தேர்தல் அறிவித்தார்கள், தேர்தல் முடியும்வரை எந்த வேலையும் ஓடாது என்றார்கள். தேர்தல் முடிந்ததும் மழை வந்தது. தோண்டிய குழியில் தண்ணீர் நின்று தவளை கத்தியது. சத்துணவுக் கூடத்து ஜன்னலிலிருந்து பார்த்தால் எனக்குத் தெரிவது தகரம்தான். காலையிலும் தகரம், மத்தியானமும் தகரம். முதலில் பார்க்கப் பார்க்க எரிச்சலாக வரும். அண்ணனைக் கண்டால் சண்டை பிடிப்பேன். பிறகு சண்டையும் அலுத்துவிட்டது. அரிசியைக் களைந்தேன், பருப்பை அளந்து போட்டேன். தகரம் அதுபாட்டுக்கு இருந்தது.

பிள்ளைகள் பள்ளிக்கூடக் கழிவறைக்குப் பின்னால் இருந்த சந்தில் பந்தைத் தட்டிப் பார்த்தார்கள். அங்கே இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. விழுந்து எடுக்கச் சிமெண்டுத் தரை தோதுப்படாது. ஒருத்தி டைப்ரைட்டிங் போனாள், ஒருத்தியை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். விளையாட்டு ஆசிரியருக்கும் வேறு ஊருக்கு மாறுதல் வந்தது. கடைசியில் என் மகள் மட்டும் சந்துச் சுவரில் பந்தை அடித்து, திரும்பி வருவதை எடுத்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் கொஞ்ச நாள் கேட்டது.

பிளஸ் டூவில் மாவட்டத் தேர்வுக்குச் சிவகங்கைக்கு நான்தான் கூட்டிப்போனேன். வந்திருந்த பிள்ளைகள் தினமும் ஆடுகிற பிள்ளைகள், நிற்கிற நிலையிலேயே தெரிந்தது. இவளுக்குக் கை இருந்தது, கால் ஓடவில்லை. பந்து விழும் இடம் இவளுக்குத் தெரிகிறது, போய்ச் சேருவதற்குள் விழுந்துவிடுகிறது. தேர்வானவர்கள் என்று வாசித்த பேர்களில் இவள் பேர் இல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, "ஒரு வருஷம் ஆடாம இருந்தா இப்படித்தாம்மா ஆகும்" என்றாள். அழவில்லை. அவள் அழுதிருந்தால் நானும் அழுதிருப்பேன். ஒக்கூரில் பஸ் நின்றபோது வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தேன், தின்றாள்.

ஒதுக்கீடு இல்லை, கல்லூரியும் இல்லை. மதுரையில் ஒரு நகைக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். பெண்கள் விடுதியில் தங்கிக்கொண்டாள். காலையிலிருந்து கடை சாத்துகிறவரை நிற்க வேண்டும். போனில் பேசும்போது, "கால் வலிக்குதாடி?" என்று கேட்பேன். "மரத்துப்போச்சும்மா, தெரியலை" என்பாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. கோபம், வருத்தம் என்று ஒன்றும் தனியாகப் பிரிந்து தெரியவில்லை. வேலைக்குப் போனேன், வந்தேன்.

ஒருவழியாக மைதானம் கட்டி முடிந்தது. பொய் சொல்லக்கூடாது, பார்க்க அழகாகத்தான் இருந்தது. சிவப்பும் பச்சையுமாகத் தரை, வெள்ளைக் கோடு, வழவழவென்று படிகள். வளைவில் நின்று பார்த்தால், அவர்கள் ஆசைப்பட்ட மாதிரியே வலையும் மேடையும் ஒரே நேர். அண்ணன் போனில் மகளைக் கெஞ்சினார். "ஏத்தா, திறப்பு விழாவுக்கு நீ வராம எப்படி? பழைய பிள்ளைகளைச் சேத்து ஒரு மேட்ச் ஆடுங்க. உனக்காகத்தான் இம்புட்டு நாள் நாயா அலைஞ்சேன்." அவள் கடையில் லீவு சொல்லி வந்தாள். பீரோவிலிருந்து பழைய உடுப்பை எடுத்துப் போட்டுக்கொண்டபோது இடுப்பில் இறுக்கிப் பிடித்தது. ஊக்குக் குத்திவிட்டேன்.

காலையில் விழா என்றார்கள். வர வேண்டியவர் வந்து சேர மாலை ஐந்து மணி ஆகிவிட்டது. மேடையில் எல்லாரும் கிழக்குப் பார்த்து உட்கார்ந்தார்கள். வெயில் அவர்களுக்கு முதுகுப் பக்கம், அதுவும் மேடைக் கூரைக்குப் பின்னால், குளுகுளுவென்று நிழல். மாலை, சால்வை, பேச்சு எல்லாம் முடிந்து மேட்ச் தொடங்கியது. என் மகள் இருந்த அணிக்குக் கிழக்குப் பக்கம் விழுந்தது. மேற்கைப் பார்த்து நின்றார்கள்.

முதல் சர்வீஸ் உயரமாக வந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள், கையை விரித்துக்கொண்டு தயாராக நின்றாள். பந்து அவள் காலடியில் விழுந்தது. அடுத்தது தோளில் பட்டுப் போனது. மூன்றாவது வரும்போது ஒரு கையைக் கண்ணுக்கு மேலே வைத்து மறைத்துக்கொண்டாள், மிச்சமிருந்த ஒரு கையால் எடுக்கப் பார்த்தாள். அதுவும் விழுந்தது. படியில் உட்கார்ந்திருந்த பையன்கள் ஓ என்று கத்தினார்கள். அண்ணன் மேடையில் மைக்கை வாங்கி, "எங்க வீட்டுப் பிள்ளைதான். ஆடி ரொம்ப நாளாச்சு, அதான் டச் விட்டுப்போச்சு. எல்லாரும் கைதட்டி உற்சாகப்படுத்துங்க" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். என் கை தட்டுகிறது என்று எனக்குத் தெரிந்தது, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து முகம் கழுவினாள், துணி மாற்றினாள். மறுநாள் கடைக்குப் போக வேண்டும், மதுரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். தலையைப் பின்னிக்கொண்டே, கண்ணாடியில் என்னைப் பார்த்து, "மாமாகிட்ட வெயிலு அடிச்சுச்சுன்னு சொல்லிராதம்மா" என்றாள்.

"ஏன்டி?"

"எம்புட்டு ஆசையாக் கட்டிருக்காக. டச் விட்டுப்போச்சுன்னே இருந்துட்டுப் போகட்டும்."

நான் சரி என்றேன். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

சேர்களை வண்டியில் ஏற்றிவிட்டு அண்ணன் வந்தார். தோளில் சால்வை இன்னும் கிடந்தது. காபி போட்டுக் கொடுத்தேன். ஆற்றிக் குடித்துக்கொண்டே, "பிள்ளை என்னத்தா சொன்னா?" என்று கேட்டார்.

"நல்லாருக்குன்னு சொன்னாண்ணே."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சால்வை நுனியால் துடைத்துக்கொண்டார். "பாவம், மதுரையில எங்குட்டுப் போயி ஆடுவா? லீவுக்கு வாரப்பல்லாம் இங்க வந்து ஆடட்டும். யாரு கேக்கப்போறாக? அவளுக்குன்னுதானே கட்டுனது."

இத்தனை நாள் ஒன்றும் உறைக்காமல் இருந்த எனக்கு அப்போதுதான் கத்த வேண்டும் போல இருந்தது. "ஆமாண்ணே" என்று சொல்லிவிட்டு, காலி டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.