லீட்டருக்கு இருபத்து நான்கு

என் மச்சானின் சிறுநீரகங்கள் இரண்டும் வேலையை விட்ட வருடத்தில்தான் பெட்ரோல் தட்டுப்பாடாகி, கியூஆர் குறியீட்டைக் காட்டி அளவாக வாங்கும் கோட்டா வந்தது. காருக்கு வாரம் இருபது லீட்டர். வாரத்தில் இரண்டு நாள் அவரைத் தலவாக்கலையிலிருந்து கண்டிக்குக் கொண்டுபோய், இரத்தம் சுத்தம் செய்து கூட்டிவர வேண்டும். ஒருநாள் தவறினாலும் உடம்பில் நீர் ஏறும், பிறகு மூச்சு முட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பஸ்களும் டீசல் வரிசையில் நின்ற காலம் அது. மிஞ்சியது என் சின்னக் கார்.

நான் கணித வாத்தியார். நாட்காட்டித் தாளின் பின்புறம் கணக்குப் போட்டேன். காரோடு வந்த புத்தகத்தில் லீட்டருக்கு இருபத்து நான்கு கிலோமீட்டர் என்றிருந்தது. இரண்டு நடைக்கும் சுமார் பதினான்கு லீட்டர். ஆறு லீட்டர் மிச்சம். அந்த மிச்சத்தில் மனைவியை நுவரெலியாவுக்குக் கூட்டிப்போவதாக வாக்கும் கொடுத்துவிட்டேன்.

மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், இருபத்தெட்டு வருடம் தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து லொறி ஓட்டியவர். தாளை வாங்கிப் பார்த்தார்.

"இதுல மலை எங்கங்க மாப்ள?"

"இது சராசரிக் கணக்கு மச்சான்."

"அப்ப நாம சராசரி ரோட்டுலயே போவோம். எந்தப் பக்கம்னு காட்டுங்க."

முதல் நடையிலேயே பன்னிரண்டு லீட்டர் போய்விட்டது. டாங்கி ஒழுகுகிறதென்று காருக்கடியில் படுத்துப் பார்த்தேன். சட்டை அழுக்கானதைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

அந்த இருபத்து நான்கு எப்படிப் பிறந்ததென்று அதன்பிறகுதான் தேடிப் படித்தேன். மூடிய அறையில், உருளைகளின் மேல் காரை நிறுத்தி ஓட்டியிருக்கிறார்கள். காற்று இல்லை, ஏற்றம் இல்லை, ஏசி இல்லை. பூப்போல மிதிக்கும் ஒரு கால் மட்டும். எங்கள் காரோ விடியற்குளிரில் விறைத்துப்போய் எழும்புகிறது. சூடாகும் முன்பே முதல் ஏற்றம் வந்துவிடும், இரண்டாம் கியர். கண்ணாடியில் பனி படிந்தால் ஏசி போடாமல் வழி தெரியாது. உள்ளே மனைவியோடு சேர்த்து மூன்று பேர், பிளாஸ்க், தலையணை, கம்பளி. வளைவுக்கு வளைவு பிரேக் பிடித்து, மறுபடி முதலிலிருந்து மிதிக்க வேண்டும். புத்தகம் பொய் சொல்லவில்லை. அந்த அறையில் எங்கள் மச்சான் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாம் நடையில் ஹட்டனைத் தாண்டியதும் மஞ்சள் விளக்கு எரிந்தது. கினிகத்தேனை வரை இறக்கம். மலைநாட்டில் பெட்ரோல் குறைந்தால் எல்லோரும் செய்வதை நானும் செய்தேன். நியூட்ரலில் போட்டு இஞ்சினை அணைத்தேன்.

கார் சத்தமில்லாமல் உருண்டது. கீழே பள்ளத்தை மூடி மூட்டம் கிடந்தது. டயர் ஈரத்தை நக்கும் ஒலி மட்டும் கேட்டது. ஒரு சொட்டும் செலவில்லை என்று எனக்குள் பெருமிதம். மூன்றாவது வளைவில் பிரேக் பாறையாகிவிட்டது. முழுப் பலத்தோடு மிதித்தும் வேகம் குறையவில்லை. மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு லொறியின் பின்பக்கம் வளர்ந்துகொண்டே வந்தது.

பின்சீட்டிலிருந்து மச்சான் சத்தம் போடாமல் சொன்னார். "சாவியத் திருப்புங்க. ரெண்டாம் கியரப் போட்டு கிளச்ச விடுங்க."

கார் உறுமிக் குலுங்கி அடங்கியது. லொறிக்கும் எங்களுக்கும் ஒரு கை நீளம். எரிந்த நாற்றம்.

"இது என் பழைய லொறி இல்லீங்க. இஞ்சின் நின்னா பிரேக்குக்குத் தெம்பு இல்ல," என்றார் மச்சான். "கியர்ல விட்டு காலை எடுத்தாலே இந்தக் காலத்து வண்டி இறக்கத்துல எண்ணெய் குடிக்காது. எங்க படிச்சீங்க நீங்க?"

கண்டிக்குப் போய்ச் சேர்ந்தோம். திரும்பும் வழியில் கினிகத்தேனைக் கடைக்கார நண்பர் ஒருவர் தன் மோட்டார் சைக்கிளிலிருந்து நான்கு லீட்டரை உறிஞ்சிக் கொடுத்தார். அது அவருடைய வாரக் கோட்டா முழுவதும். மச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணாடி வழியே வெளியே பார்த்தார்.

அடுத்த திங்களன்று விடியற்காலை போய்க் கூப்பிட்டால், கதவைத் திறக்காமலே பதில் வந்தது.

"இன்னிக்கு உடம்பு நல்லாருக்கு மாப்ள. வியாழக்கிழமை போவோம். வாரம் ஒருக்கா போதும்."

"டாக்டர் ரெண்டு தடவைன்னாரே?"

"அவரும் புத்தகத்தப் பாத்துத்தான் சொல்றாரு."

எவ்வளவு கெஞ்சியும் அசையவில்லை. என் கணக்கில் விழுந்த துண்டை அவர் தன் உடம்பிலிருந்து கட்டத் தொடங்கியிருந்தார்.

வியாழக்கிழமை வந்தது. செருப்பு வார் பொருந்தாமல் வெறுங்காலோடு நடந்து வந்தார். கணுக்காலில் எலும்பே தெரியவில்லை. அவர் ஏறி உட்கார்ந்ததும் கார் ஒரு பக்கம் தாழ்ந்தது. இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கியது.

"நாலஞ்சு கிலோ தண்ணி ஏறியிருக்கும்," என்று சிரித்தார். "பாரம் கூடினா வண்டி கூடக் குடிக்குமே மாப்ள. அதையும் கணக்குல சேத்துக்கிட்டீங்களா?"

நான் இஞ்சினைக் கிளப்பினேன். முதல் ஏற்றத்தில் அது திணறியது. பின்சீட்டில் அவரும்.