குட்டி போடாத மறி

பல்லரோ சந்தையின் இறைச்சிக்கடைக் கிழவர் புதுமுகத்திடம் பெயர் கேட்பதில்லை. “ஆ கூ அப்பார்தேனி?” என்பார். நீ யாருக்குச் சொந்தம், எந்த வீட்டுப் பிள்ளை என்று பொருள். இத்தாலியின் பலெர்மோவுக்கு வந்த புதிதில் நான் பையைத் திறந்து பெர்மெசோவை, அதாவது வதிவிட அட்டையை, நீட்டினேன். கடையே சிரித்தது. சிரிக்கட்டும். எதைக் கேட்டாலும் அட்டையை நீட்டப் பழக்கியது அவர்கள் நாடுதானே.

போன மாதம் எனக்குப் வட அட்லாண்டிக்கிலுள்ள பரோ தீவிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்கு அங்கே மீன் தொழிற்சாலையில் வேலை. நான் பல்கலைக்கழகத்தில் மொழியியல் படிப்பவள். அவருடைய படத்தைப் பார்க்குமுன் தீவு மொழியின் அகராதியைத் திறந்துவிட்டேன். ‘கிம்புர்’ அகப்பட்டது: இன்னும் குட்டி போடாத இளம் பெண் செம்மறி. ஐஸ்லாந்திலும் அதே சொல்தான். நடுவே இவ்வளவு கடல் கிடந்தும் இரண்டு தீவும் எதைக் கைவிடவில்லை பாருங்கள்.

நாம் மட்டும் திறமோ? மன்னாரில் அப்பா நாகு வாங்கப் போனபோது கூடப் போயிருக்கிறேன். ஈனாத அந்த இளம் பசுவை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. அதன் தாய் எத்தனை கன்று போட்டது என்றுதான் கேட்டார். தாயைப் பார்த்துப் பெண்ணை எடு, பாலைப் பார்த்துப் பசுவை வாங்கு என்று இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டிய சனம் நாங்கள்.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் வீடியோவில் மாப்பிள்ளையின் தாய். கடைசி வருடப் பரீட்சை இருக்கிறது என்றேன். அதை விட்டுவிட்டு உடனே வரட்டுமாம், அங்கே படிப்பு எதற்காம். பிறகு என் பக்கத்தில் இருந்த அம்மாவிடம் திரும்பினார்.

“உங்களுக்கு எத்தினை பிள்ளையள்? எல்லாம் சுகப்பிரசவமோ?”

“ஓம், நாலும்,” என்றார் அம்மா, பெருமையாக.

நான் போனை வாங்கினேன். “மாமி, உங்கட தீவிலை என்னை மாதிரி ஆக்களுக்கு ஒரு பேர் இருக்கு. கிம்புர்.”

மாமிக்கு விளங்கவில்லை. பின்னால் சோபாவில் இருந்த மாப்பிள்ளைக்கு விளங்கியது. “இஞ்சை ஜிம்புர் எண்டுதான் சொல்லுறவை. குட்டி போடாத மறி, அம்மா.”

“அப்ப உங்களை எதைப் பாத்து எடுக்கிறது? உங்கட அப்பாவைக் கூப்பிடுங்கோ, பல்லைப் பாப்பம்,” என்றேன் அவரிடம்.

அவர் சிரித்துவிட்டார். அவருடைய தாய் போனை வைத்துவிட்டார். என் அம்மா மூன்று நாள் என்னை ஏசினார்; கோயிலில் எனக்கு வாய்க்கொழுப்பு என்று பேச்சாம். நான் பரீட்சைக்குப் பெயர் கொடுத்துவிட்டேன்.

நேற்று இறைச்சி வாங்கப் போனேன். கிழவரின் இடத்தில் அவருடைய தம்பி நின்றார். என்னைத் தெரியாதவர், அதே கேள்வி. பழக்கத்தில் கை பைக்குள் போய் அட்டையைத் தொட்டது, எடுக்கவில்லை. மன்னார் என்றால் அவருக்குத் தெரியாது. பலெர்மோ என்றால் நம்பமாட்டார். அவர் பதிலுக்குக் காத்து நின்றார். பின்னால் கொக்கியில் தொங்கிய செம்மறியின் தொடையில் அதன் ஊர் முத்திரை தெளிவாக இருந்தது.