தரையில் உட்கார வைத்த டாக்டர்

செகந்திராபாத் மாரெட்பள்ளி கிளினிக்கில் முறை எழுதும் ஜெயந்தி அழைத்தால், பரிசோதனைக்கு வரச் சொல்லத்தான் இருக்கும். "என் முறை இன்னும் வரலியே, ஜெயந்தி" என்று சிரித்தபடி போனை எடுத்தேன். "அக்கா, டாக்டர் காலையில தூக்கத்துலயே போயிட்டாரு" என்றாள். நம் தேவசகாயம் டாக்டர்.

அவரிடம் இடுப்பைக் காட்டிய உங்களுக்கெல்லாம் அவரைத் தெரியும். நான் போனபோது என் நிலைமை மோசம். போலாரத்தில் மழலையர் வகுப்பு ஆசிரியை நான். பிள்ளைகளோடு தரையில் உட்காருவதுதான் என் வேலையே. திருச்சியில் இடுப்பு மூட்டில் செய்துகொண்ட சாவித்துளை அறுவை சிகிச்சை சில மாதம் தாங்கியது. பிறகு வலி பழையபடி வந்துவிட்டது. சம்மணம் போட முடியவில்லை. பள்ளியில் என்னை அலுவலக மேசைக்கு மாற்றப் பேச்சு நடந்தது. அந்த மேசையை நினைத்தாலே எனக்கு அழுகை வரும்.

"இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார் டாக்டர். "பரவாயில்ல" என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "மொத ஆபரேஷன் பண்ணவர்ட்டயும் இதத்தான சொல்லியிருப்பீங்க? பரவாயில்லன்னா ஏன் இங்க வந்து உக்காந்திருக்கீங்க?" ரயில்வே வேலையோடு செகந்திராபாத் வந்து தங்கிவிட்ட திருநெல்வேலிக் குடும்பம் அவருடையது. கோபம் நெல்லைத் தமிழில் தொடங்கி ஊர் இந்தியில் முடியும். டாக்டர் மனம் நோகுமே என்று வலியை மறைப்பவர்கள் நோயாளிகளான நாம்தான் என்று எரிச்சலோடு சொல்வார்.

அதனால் நம் வாயை அவர் நம்பியதே இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், நினைவிருக்கிறதா? சுத்தத்துக்காக என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அவருடைய நாற்காலியோ அந்த வாசலைப் பார்த்தே கிடக்கும். யார் குனிந்து வாரை அவிழ்க்கிறார், யார் சுவரைப் பிடிக்கிறார் என்று பார்த்துக்கொண்டிருப்பார். போதாதென்று என் கணவருக்கு வேறு போன். "டீச்சர் கட்டில்ல இருந்து எந்திக்கும்போது மொகம் எப்படி இருக்கு? அத மட்டும் சொல்லுங்க." அவரும் வரிவிடாமல் ஒப்பிப்பார். வீட்டிலேயே ஒற்றன் வைத்துவிட்டாரே என்று எனக்கு அப்போது ஆத்திரம்.

முதல்முறை சீவாமல் விட்ட எலும்புப் புடைப்பு உரசுகிறது, மறுபடி துளை போட்டுச் சீவலாம் என்றார். ஆனால் ஆசை காட்டவில்லை. "ரெண்டாந்தடவை மொத தடவை மாதிரி இருக்காதும்மா. நெறைய பேருக்கு நல்லாகுது, எல்லாருக்கும் இல்ல. ஒரே ஒரு காரியம் கேளுங்க, அதுக்குப் பாடுபடுவோம்." தரையில் உட்கார வேண்டும் என்றேன். சபலம் விடவில்லை, ஓடவும் முடியுமா என்று கேட்டுவைத்தேன். "நக்கோ" என்றார். ஊர் இந்தியில் 'வேண்டாம்' என்று அர்த்தம்.

சொன்னபடியேதான் நடந்தது. மாதக்கணக்கில் பயிற்சி, அழுகை, அவர் திட்டு எல்லாம் முடிந்து ஒரு நாள் பிள்ளைகள் நடுவில் சம்மணமிட்டு மணி கோத்துக்கொண்டிருந்தேன். அலுவலக மேசைக்கு வேறொருவர் போனார். இன்றும் குளிர்நாளில் இடுப்பு கொஞ்சம் பிடிக்கும். பஸ்ஸைத் துரத்தி ஓடுவதில்லை, அடுத்த பஸ்ஸில் போகிறேன். எனக்கு அதில் குறையே இல்லை.

டாக்டருக்காக அவர் வீட்டில் நடந்த ஜெபக் கூட்டத்துக்குப் போனேன். இடுப்புக்காரர்கள் வருவார்கள் என்று டாக்டரின் மனைவி ஒரு வரிசை நாற்காலி வாடகைக்கு எடுத்துப் போட்டிருந்தார். டாக்டரிடம் இரண்டாம் முறை அறுவை செய்துகொண்ட நாங்கள் நான்கைந்து பேர் இருந்தோம். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எல்லோரும் ஜமுக்காளத்தில் உட்கார்ந்தோம். ஒருவர் மட்டும் சுவரோரமாகக் காலை நீட்டிக்கொண்டார். அவருக்கு அவ்வளவுதான் முடியும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

அந்த அம்மா பதறிப்போய் என் பக்கத்தில் வந்தார். "கீழ உக்காந்துட்டீங்களே, வலிக்குதா?"

பரவாயில்லை என்று நாக்கு நுனி வரை வந்தது. டாக்டர் படத்தில் இருந்தபடி வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இடது பக்கம் லேசா வலிக்குதும்மா. ஆனா உக்கார முடியுது" என்றேன். உள்ளதைச் சொல்லும் வாய், தரையில் உட்காரும் இடுப்பு: டாக்டர் எனக்குக் கொடுத்துவிட்டுப் போன இரண்டும் இவைதான்.