பதுளை தியேட்டரில் கற்பூரக் கரி

பதுளை பஸாரின் முதல் தியேட்டரை இடிக்கப் போகிறார்கள் என்பது எனக்கு முந்தின நாள் மாலைதான் தெரிந்தது. அதன் வரலாற்றை நான் பாதி எழுதியிருந்தேன். பால்கனி, முகப்பு, காரில் வந்து இறங்கிய துரைமார் எல்லாவற்றுக்கும் படம் கிடைத்துவிட்டது. சந்துக் கதவு வழியாகப் போய், திரைக்கு நேர்முன்னால் பெஞ்சில் உட்கார்ந்த தோட்டத்து ஆட்களைப் பற்றித்தான் ஒன்றுமே இல்லை.

அப்பா சொன்ன கதை ஒன்று இருந்தது. சாமி படம் வந்தால் லொறி பிடித்து லயத்து வீடுகள் அத்தனையும் கிளம்புமாம். திரையில் அம்மன் வந்ததும் பெஞ்சுக்காரர்கள் எழுந்துபோய், திரைக்குக் கீழே சீமெந்துத் திட்டில் கற்பூரம் கொளுத்துவார்களாம். தியேட்டர் முதலாளியின் மகனிடம் இது உண்மையா என்று கேட்டேன்.

"எங்க தியேட்டருக்குள்ள நெருப்பா? யாரோ உங்க காதுல நல்லா பூ சுத்திட்டாங்க" என்று சிரித்தார்.

திட்டில் கரி இருந்தால் அந்தப் பெஞ்சுகள் என் புத்தகத்தில் இருக்கும். இல்லாவிட்டால் அந்தச் சிரிப்புதான் இருக்கும்.

மறுநாள் அப்பாவும் நானும் நமுனுகுலயிலிருந்து முதல் பஸ் பிடித்தோம். தோட்டத்தில் காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு அப்பா போகவில்லை. அன்றைய வேலை போனது போனதுதான். நாங்கள் இறங்கும்போதே பெக்கோ இயந்திரம் முகப்பை உடைத்துக்கொண்டிருந்தது.

"உள்ள விட ஏலாது தங்கச்சி. சுவர் ஆடுது" என்றார் வேலையை நடத்துகிறவர்.

"ஒரு படம் மட்டும் அண்ணே. எடுத்துட்டு ஓடி வந்துடுறோம்."

"செத்துப்போனா யாரு பதில் சொல்றது?"

"நாங்க செத்தா நாங்கதான் சொல்லணும். வழிய விடுப்பா" என்றார் அப்பா.

அவர் என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், மெஷின்காரனுக்குக் கை காட்டினார். பெக்கோ உறுமியபடியே நின்றது.

உள்ளே ஒரே தூசி. மேலே ஒரு தகரம் கிறீச்சிட்டது. வாசலிலேயே அப்பா செருப்பைக் கழற்றினார்.

"அப்பா! கீழ பூரா கண்ணாடி!"

"அட, ஆமால்ல" என்று மறுபடி மாட்டிக்கொண்டார்.

திட்டின் மேல் பலகை அடித்திருந்தார்கள். இருவரும் சேர்ந்து இழுத்தோம். ஆணி முறிந்தது, பலகை வந்தது. கீழே வெறும் சாம்பல் நிறச் சீமெந்து.

"அங்க இல்ல புள்ள. பெஞ்சுப் பக்கமா பாரு."

இடது கோடியில் அடுத்த பலகையைப் பெயர்த்தோம். கரி. ஒன்றல்ல, உள்ளங்கை அகலத்தில் வட்டம் வட்டமாக, ஒன்றன்மேல் ஒன்றாக. வெளியே விசில் ஊதினார்கள். அவசரத்தில் முதல் இரண்டு படம் ஆடிப்போனது. மூன்றாவது தெளிவாக விழுந்தது. நாங்கள் சந்துக்கு வந்த கொஞ்ச நேரத்தில் திரைச்சுவர் உள்பக்கமாகச் சாய்ந்தது.

பஸ் ஸ்டாண்டிலிருந்தே படத்தை முதலாளியின் மகனுக்கு அனுப்பினேன். உடனே அழைத்தார்.

"எங்கப்பா பெரிய மனசுக்காரர். அவர்தான் அனுமதி குடுத்திருப்பார். அப்படியே எழுதிடுங்க."

அப்பாவிடம் சொன்னேன்.

"அனுமதியா! கற்பூரத்தப் பத்த வச்சா அந்தாளே வாளித் தண்ணியோட ஓடி வருவாரு. அவரு அணைக்க அணைக்க நாங்க கொளுத்துவோம்."

நான் வாளியைத்தான் எழுதினேன்.