பொய்மீனில் பல் தடம்

மார்பிள்ஹெட் ஊரில் மார்லீன் கொஸ்டெல்னிக்கின் பியூட்டி பார்லரில் இரண்டு விதமான ரகசியங்கள் பத்திரமாக இருந்தன. ஊர்ப் பெண்களின் தலைமுடி உண்மையில் என்ன நிறம் என்பது ஒன்று. ஊர் ஆண்கள் ஈரி ஏரியில் தூண்டிலில் எந்த நிறத்துப் பொய்மீனைக் கட்டி இழுக்கிறார்கள் என்பது இன்னொன்று. முதல் ரகசியம் வெளியே போனால் இரண்டு வீட்டுக்கு நடுவில் பேச்சுவார்த்தை நிற்கும், அவ்வளவுதான். இரண்டாவது போனால் படகுத்துறையே இரண்டு கட்சியாகிவிடும்.

பனி உருகி ஏரி திறந்துகொண்டதும் ஆரம்பிக்கும் இந்தக் கூத்து. வால்ஐ மீன்கள் பாறைத் திட்டுகளில் முட்டையிட்டு முடித்துவிட்டு, பசியோடு ஆழத்துக்கு நகர்கிற பருவம் அது. தண்ணீரில் கையை வைத்தால் இன்னும் விறைத்துப்போகும். குளிரில் மீனுக்கும் சோம்பல், அதனால் படகை ஆள் நடப்பதைவிட மெதுவாக ஓட்டி, பின்னால் விரல் நீளத்துக்கு இருக்கிற பிளாஸ்டிக் பொய்மீன்களை இழுத்துக்கொண்டே போகவேண்டும். வேகமும் ஆழமும் சரியாக இருந்து நிறம் மட்டும் தப்பிவிட்டால், கொண்டுபோன சாண்ட்விச்சைத் தின்றுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். கடையில் விற்கிற நிறம் எவனுக்கும் திருப்தியில்லை. நெயில் பாலிஷ் என்றால் தண்ணீரில் கரையாது, மினுமினுக்கும், கேட்ட நிறத்தைக் கலக்கலாம். ஆக, மற்ற மாதங்களில் பார்லர் வாசலைத் தலையைக் குனிந்துகொண்டு தாண்டிப் போகிற ஆம்பிளைகள், ஏப்ரல் வந்தால் கோட்டுக்குள் காகிதப் பையை ஒளித்துக்கொண்டு ஒவ்வொருவராக உள்ளே நுழைவார்கள்.

மார்லீன் ஏரிக்குள் போனதே கிடையாது. துறையில் கட்டிப்போட்ட படகு ஆடுவதைப் பார்த்தாலே அவளுக்கு வயிற்றைப் புரட்டும். ஆனால் நிறம் சொல்வதில் அவளை மிஞ்ச ஆளில்லை. "தண்ணி எப்படி இருக்கு?" என்பாள் முதலில். காற்றடித்துக் கலங்கியிருந்தால் ஆரஞ்சும் தங்கமும். வானம் மூடியிருந்தால் கத்தரிப்பூ நிறமும் ரோஸும். தெளிந்து வெயிலடித்தால் வெள்ளி உடம்பு, முதுகில் நீலக் கோடு. எதுவானாலும் வயிற்றில் ஆரஞ்சில் ஒரு தீற்று, கடைசியில் ஊசி முனையால் ஒரு கண். படகுக்குப் படகு ரேடியோவில் பச்சைப் பொய் பேசுகிற ஆட்கள் அவளிடம் மட்டும் எந்த நிறத்தில் மீன் கடித்தது என்று உள்ளதை உள்ளபடி சொல்வார்கள். சொல்லாவிட்டால் நஷ்டம் அவர்களுக்குத்தானே.

அந்த வசந்தம் அவளுக்குக் கடைசி வசந்தமாக இருக்கலாம் என்று ஊரே பேசிக்கொண்டது. பேச்சில் பொய்யில்லை. நின்று நின்று முழங்கால் போய்விட்டது. புருஷன் ரே பல வருஷம் முன்னாடியே டொலீடோவுக்கு இன்னொருத்தியோடு போய்ச் சேர்ந்தான், அந்த வருத்தமெல்லாம் ஆறிப் போயாச்சு. ஃப்ளோரிடாவில் இருந்த தங்கை பெர்னி வாரம் தவறாமல் போன் போட்டு நச்சரித்தாள்.

"அக்கா, அந்தக் குளிர்ல கிடந்து என்னத்தக் கண்ட? இங்க ஒரு ரூம் சும்மா கிடக்கு. மே முடியறதுக்குள்ள ஒரு முடிவு சொல்லு, இல்லைன்னா வாடகைக்கு விட்டுடுவேன்."

"சொல்றேன்டி, சொல்றேன்."

"போன வாரமும் இதையேதான் சொன்ன."

கட்டடத்தை ஐஸ்கிரீம் கடைக்குக் கேட்டு ஆளும் வந்துவிட்டான். போவதா இருப்பதா என்று மார்லீனுக்கே பிடிபடவில்லை. போகக் காரணங்கள் வரிசைகட்டி நின்றன. இருக்கச் சொல்லித்தான் ஒருத்தரும் கேட்கவில்லை.

இதற்கு நடுவில்தான் ரூடி செர்வெனாக் வியாழக்கிழமை தோறும் வர ஆரம்பித்தார். சுண்ணாம்புக்கல் குவாரியில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர், மனைவி போய்ச் சேர்ந்து சில வருஷமாகிறது. பேச்சு ரொம்பக் குறைவு. மற்ற வருஷங்களில் சீசன் தொடக்கத்தில் ஒரே ஒரு தடவை வந்து, பூசி வாங்கிக்கொண்டு போய்விடுவார். இந்த வருஷமோ வாராவாரம் காகிதப் பையோடு வந்து நின்றார். வியாழக்கிழமை பார்லரில் ஈ எறும்பு இருக்காது என்பது ஊருக்கே தெரியும்.

"மறுபடியும் கடிச்சு வச்சிருச்சு, பூச்செல்லாம் போச்சு," என்பார்.

"பயங்கரமான மீனா இருக்கும் போல."

"ஆமா. பெரிய மீனு."

"தண்ணி?"

"கலங்கல். மேக்கால காத்து."

"எதுல கடிக்குது?"

"கிளிப்பச்சையில."

மார்லீனுக்கு ஆச்சரியமாக இருக்கும். அந்த வாரம் பூராவும் மற்ற அத்தனை பேரும் கத்தரிப்பூ நிறம், கத்தரிப்பூ நிறம் என்று அடித்துச் சொல்லியிருப்பார்கள். ரூடி மட்டும் கிளிப்பச்சை என்பார். அடுத்த வாரம் எல்லோரும் ஆரஞ்சு என்றால் இவர் கத்தரிப்பூ நிறம் என்பார். தனி வழி கண்டுபிடித்துவிட்ட மனுஷன் என்று அவள் மனசுக்குள் மெச்சிக்கொண்டாள். கேட்ட நிறத்தை மூன்று பூச்சு பூசிக் காயவைப்பாள். காய்கிற நேரத்துக்கு அவர் டிரையர் நாற்காலியில் உட்கார்ந்து, அவள் சுட்டுவைத்த வால்நட் ரோலைத் தின்பார். பேச்சு அதிகம் இராது. ஆனாலும் புதன்கிழமை மாலையே மாவு பிசைகிற பழக்கம் அவளுக்கு எப்படியோ வந்துவிட்டது. சந்தோஷமாக இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

ஒரு புதன்கிழமை ஜீன் டோக்கர் வந்தான். துறையில் அவனுடைய வாய்தான் பெரிய வாய். பொய்மீன்களை மேஜையில் கொட்டினான்.

"ஏம்மா மார்லீன், கத்தரிப்பூவை அள்ளிப் பூசு. அதை விட்டா வேற எதையும் சீண்ட மாட்டேங்குது. ரேடியோவுல எல்லார்கிட்டயும் கிளிப்பச்சைன்னு சொல்லி வச்சிருக்கேன். நீ பாட்டுக்கு உளறிடாத."

"நான் எப்ப உளறினேன்?"

ரூடியின் பொய்மீன்கள் போன வாரத்திலிருந்து அங்கேயே இருந்தன. இரண்டை விட்டுவிட்டுப் போயிருந்தார், இன்னும் பூசவில்லை. பக்கத்தில் ஜீனுடையவை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு மார்லீன் குனிந்தாள். ஜீனுடையதில் ஊசியால் குத்தினாற்போல் அங்கங்கே மீன் பல்லின் பள்ளம், தலைப்பக்கம் ஒன்று, வாலில் ரெண்டு, ஒரு கீறல் இப்படி, ஒரு கீறல் அப்படி. ஒரு பொய்மீனுக்குக் கண்ணே போயிருந்தது. ரூடியுடையதில் கோடுகள். மெல்லிய, நேரான, ஒரே பக்கமாக ஓடுகிற கோடுகள். வாழ்நாளெல்லாம் நகம் தேய்த்தவளுக்கு அது எதனுடைய கோடு என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏப்ரலில் ரூடி, மருமகளுக்கு என்று சொல்லி அவள் கல்லாவுக்குப் பக்கத்திலிருந்து ஒரு நக அரம் வாங்கிப் போனதும் ஞாபகத்துக்கு வந்தது.

"ரூடி செர்வெனாக் இப்பல்லாம் எந்தப் பக்கம் படகை விடறாரு?" என்று சும்மா கேட்பதுபோல் கேட்டாள்.

ஜீன் சிரித்தான். "ரூடியா? அவன் படகு இன்னும் தார்ப்பாய்க்குள்ள தூங்குது. இஞ்சின் மொத வாரமே மண்டையப் போட்டிருச்சு. கழட்டிப் பரப்பி வச்சிக்கிட்டு உக்காந்திருக்கான். இந்த வருஷம் தண்ணியில காலே நனைக்கலையே அவன்."

மார்லீனுக்கு முகம் சுட்டது. ஜீன் போனபின் வெகுநேரம் மேஜையருகிலேயே நின்றாள். ஏரிக்குப் போய் மீனை அள்ளிக்கொண்டு வந்து ஒன்றும் கிடைக்கவில்லை என்று பொய் சொல்வதுதான் இந்த ஊர் வழக்கம். போகாமலே கடித்தது என்று சொன்ன ஆளை அவள் இப்போதுதான் பார்க்கிறாள். அந்தக் கிளிப்பச்சை எங்கிருந்து வந்தது என்பதும் விளங்கிவிட்டது. வீட்டில் ரேடியோவைப் போட்டுக்கொண்டு, ஜீன் மாதிரி ஆட்கள் ஊரை ஏமாற்ற அவிழ்த்துவிட்டதையெல்லாம் வேதவாக்காக நம்பி, அப்படியே அவளிடம் வந்து ஒப்பித்திருக்கிறார் மனுஷன். தன்னைக் கேலிப்பொருளாக்கிவிட்டார் என்று கோபம் வந்தது. அன்று அவள் மாவு பிசையவில்லை.

வியாழக்கிழமை காலை, அவர் வருகிற நேரத்துக்கு முன்னாடியே கடையைப் பூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்கு நடந்தாள். முழங்கால் ஒவ்வொரு அடிக்கும் வசைபாடியது. கொல்லையில் படகு, குளிர்காலத்துத் தார்ப்பாயோடு, மேலே போன வருஷத்து இலைகளோடு நின்றது. கராஜ் கதவு திறந்திருந்தது. கவிழ்த்த வாளிமேல் ரூடி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ரேடியோ கரகரத்தது. ஜீனின் குரல், "கிளிப்பச்சைதான்டா, சொன்னா நம்பு," என்றது. ரூடியின் ஒரு கையில் அவள் போன வாரம் பூசிக்கொடுத்த கத்தரிப்பூ நிறப் பொய்மீன். இன்னொரு கையில் நக அரம்.

"மீன் நல்லாக் கடிக்குதா?" என்றாள் மார்லீன்.

ரூடி அரத்தை முழங்காலுக்கு அடியில் தள்ளப் பார்த்தார். அது தரையில் விழுந்து டிங் என்றது.

"மருமகளுக்குன்னு வாங்குனது இதானா?"

"ஆமா," என்றார் ரூடி. அப்புறம், "இல்ல," என்றார்.

"யாருக்குங்க காது குத்துறீங்க? ஒவ்வொண்ணுக்கும் மூணு பூச்சு. வயித்துல தீற்று. ஊசி வச்சுக் கண்ணு. என் கண்ணே அவிஞ்சு போகும் அதுக்குள்ள. நீங்க இங்க உக்காந்து சொரண்டிக்கிட்டு இருக்கீங்க."

"சொரண்டறப்ப எனக்கும் மனசு கேக்கல. அந்தக் கண்ணை மட்டும் தொடவே இல்ல. பாருங்க."

அவள் வாங்கிப் பார்த்தாள். உடம்பெல்லாம் கோடு, ஆனால் கண் அவள் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. சுவரில் தொங்கிய மற்றவற்றையும் பார்த்தாள். ஒன்றிலும் கண் போகவில்லை. ஜீனுடையதில் கண் போயிருந்தது நினைவுக்கு வந்தது.

"எதுக்கு இதெல்லாம்?" என்றாள். குரலில் முன்னிருந்த சூடு இல்லை.

"இஞ்சின் போயிருச்சு. பொய்மீன் கெட்டாத்தானே உங்க கடைக்கு வர முடியும்? வேற என்ன சொல்லிட்டு வர்றது?" தொப்பியைக் கழற்றினார். வழுக்கைத் தலை பளபளத்தது. "முடி வெட்ட வந்தேன்னு சொல்லவா?"

மார்லீனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"ஃப்ளோரிடா போறீங்கன்னு ஊரெல்லாம் பேசிக்கிறாங்க," என்றார் ரூடி, தொப்பியைப் பார்த்துக்கொண்டே. "போகாதீங்கன்னு சொல்ல நான் யாரு? ஆனா போகாதீங்க, மார்லீன். வாராவாரம் அதைச் சொல்லத்தான் வந்தேன். வந்து வந்து ரோலைத் தின்னுட்டுத் திரும்பிட்டேன்."

அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. பொய்மீனைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"இஞ்சினை முதல்ல மாட்டுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள்.

இஞ்சின் மாட்டிய வாரமே வியாழக்கிழமை வானம் மூடிக் கிடந்தது. மார்லீன் இஞ்சி மிட்டாய் ஒரு பை நிறைய வாங்கிக்கொண்டு, "கொன்னுடாதீங்க என்னை," என்று சொல்லியபடி படகில் ஏறினாள். கரை மறைவதற்குள் இரண்டு முறை வாந்தியெடுத்தாள். ரூடி பதறிப்போய்த் திரும்பிவிடலாம் என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வந்தது வந்தாச்சு, ஓட்டுங்க," என்றாள்.

"என்ன நிறம் போடலாம்?"

அவள் கைப்பையிலிருந்து அந்தப் பொய்மீனை எடுத்தாள். கத்தரிப்பூ உடம்பு, குறுக்கே அரத்தின் வெள்ளைக் கோடுகள்.

"பூசவே இல்லையே," என்றார் ரூடி.

"பூசுனதைச் சொரண்டுனது நீங்க. அப்படியே போடுங்க."

படகு மெல்ல ஊர்ந்தது. காபி ஆறி, இரண்டாவது காபியும் ஆறியபோது தூண்டில் கம்பு வளைந்தது. ரூடி வலையைத் தூக்கிக்கொண்டு வர, அவள் ரீலைச் சுற்றிச் சுற்றி இழுத்தாள். பெரிய மீன். கண் இரண்டும் கண்ணாடிபோல் மின்னின. கொக்கியை எடுத்ததும் அவள் மீனைப் பார்க்கவில்லை, பொய்மீனைத்தான் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். நேரான கோடுகளுக்கு நடுவே புதிதாகக் குத்துக் குத்தாகப் பள்ளங்கள்.

"பாருங்க, இதுதான் பல்லு. அடுத்த வருஷம் சொரண்டுறதா இருந்தா இப்படிக் குத்துங்க. கொஞ்சமாவது நம்புற மாதிரி இருக்கும்."

ரூடி வலையைக் கீழே வைத்தார். "அடுத்த வருஷம் கடை இருக்குமா?"

"நேத்து பெர்னிக்குப் போன் பண்ணி வரலைன்னு சொல்லிட்டேன்."

"என்ன காரணம் சொன்னீங்க?"

"வியாழக்கிழமை எனக்கு வேலை இருக்குன்னேன். என்னடி வேலைன்னு அவ ஒரு மணி நேரம் கேட்டா. நான் சொல்லல."

ரூடி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு கையிலும் மீன் வாடை. இத்தனை வருஷத்தில் இப்படியொரு சந்தோஷம் அவளுக்கு நினைவில்லை. ரேடியோ கரகரத்தது. ஜீன் எங்கிருந்தோ அவர்கள் வலையில் மீனை அள்ளியதைப் பார்த்துவிட்டான்.

"ரூடி, பெரிய மீனாட்டம் தெரியுதே. எந்த நிறம்டா?"

ரூடி மைக்கை எடுத்து, கொஞ்சம் யோசித்து, மார்லீனிடம் நீட்டினார். அவள் மடியில் கிடந்த கத்தரிப்பூ நிறத்தைப் பார்த்தாள். பொத்தானை அமுக்கினாள்.

"கிளிப்பச்சை," என்றாள்.