சொல்லக்கூடாத நட்சத்திரம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆழ்வார்பேட்டையில் ஒரு டாக்டரின் க்ளினிக்கில்தான் இது ஆரம்பித்தது. அம்மா மார்பகப் புற்றுநோயில் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. அம்மாவுக்கு வந்திருப்பதால் மகளும் ஒரு மரபணுப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது என்று டாக்டர் சொன்னார். எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. மேற்கு மாம்பலத்தில் குடித்தனம், கல்லூரியில் படிக்கும் ஒரு மகள். பயந்துபோய், நாளைக்கே வந்து ரத்தம் கொடுக்கிறேன் என்றேன். கூட வந்திருந்த அப்பா மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அவளுக்கு அது வேண்டாம் டாக்டர். அவளுக்கு வராது" என்றார்.

டாக்டருக்கு உடனே புரிந்துவிட்டது. எனக்குத்தான் புரியவில்லை. ஏன் வராது, பெருமாள் வந்து சொன்னாரா என்று அப்பாவிடம் எரிந்து விழுந்தேன். அவர் எழுந்து வெளியே போய் ஆட்டோ பிடித்தார். லஸ் சிக்னலில் ஆட்டோ நின்றபோது, முன்னால் நின்ற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே, "உன்னை நாங்க பெத்துக்கலை. எடுத்துண்டு வந்தோம்" என்றார். ஒரு மனுஷிக்கு இந்த விஷயத்தைச் சொல்ல அவருக்குக் கிடைத்த இடம் அந்த சிக்னல்தான்.

அழுகை இரண்டு நாளில் நின்றுவிட்டது. கோபம் இன்று வரைக்கும் நிற்கவில்லை. ஏனென்றால், விசாரிக்க விசாரிக்கத்தான் தெரிந்தது, என்னைத் தவிர எல்லோருக்கும் இது தெரியும். அத்தைக்குத் தெரியும், நங்கநல்லூரில் இருக்கும் மாமாவுக்குத் தெரியும், மயிலாப்பூரில் எங்கள் மாடியில் குடியிருந்தவர்களுக்குத் தெரியும். என் கல்யாணத்துக்கு வந்து பந்தியில் உட்கார்ந்து இரண்டாவது தடவை பாயசம் வாங்கிச் சாப்பிட்டவர்களில் பாதிப் பேருக்குத் தெரியும். ஏன் சொல்லவில்லை என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வந்தது. உனக்கு என்ன குறை வைத்தார்கள்? ஒரு குறையும் வைக்கவில்லை. நல்ல பள்ளிக்கூடம், பாட்டு கிளாஸ், பட்டுப்பாவாடை, நான் விரும்பியவரோடு கல்யாணம். அதற்காக நான் யார் என்று கேட்கவே கூடாதா? நாய்க்குட்டி வளர்ப்பவர்கள்கூட அது எங்கிருந்து வந்தது என்று சொல்கிறார்கள்.

எனக்குப் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. சொத்து கேட்டு யார் வீட்டு வாசலிலும் போய் நிற்கப் போவதில்லை. ஒன்றே ஒன்று தெரிந்தால் போதும் என்றிருந்தது. என்னைப் பெற்றவள் என்னைக் கொடுத்தாளா, இல்லை அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்களா?

நான் பிறந்ததாகச் சொன்ன நர்ஸிங் ஹோம் தி.நகரில் ஒரு குறுக்குத் தெருவில் இருக்கிறது. அதை நடத்திய டாக்டரம்மா காலமாகிவிட்டார். இப்போது அவருடைய மகள் அதே இடத்தில் குழந்தையில்லாதவர்களுக்கான சிகிச்சை மையம் நடத்துகிறார். சுவரெல்லாம் சிரிக்கும் குழந்தைகளின் படம். அந்தப் படங்களுக்கு நடுவே என்னை ஒரு மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, பழைய ரெக்கார்ட் எல்லாம் வெள்ளத்தில் போய்விட்டது என்றார்.

சென்னையில் எதைத் தேடிப் போனாலும் அந்த வெள்ளம்தான் வந்து நிற்கிறது. ரெக்கார்ட் ரூம் எங்கே இருந்தது என்று கேட்டேன். யோசிக்காமல், இரண்டாவது மாடி என்று சொல்லிவிட்டார். வெள்ளம் லிஃப்டில் ஏறிப் போனதா டாக்டர் என்று கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது.

"பாருங்க, அம்மா அதை ஒரு சேவையாதான் பண்ணாங்க. உங்களுக்கு நல்ல ஃபேமிலி கிடைச்சுது. சந்தோஷமா இருங்களேன்" என்றார்.

இவர் ஏன் என்னைச் சந்தோஷமாக இருக்கச் சொல்ல வேண்டும்? மணியடித்து அடுத்த பேஷண்டைக் கூப்பிட்டுவிட்டார். நானும் கதவைச் சாத்திய சாத்தில் ஒரு குழந்தைப் படம் கோணலானது. அதைச் சரி செய்யாமல்தான் வந்தேன்.

மாநகராட்சி அலுவலகத்தில் கவுன்டரில் இருந்தவர் தங்கமான மனிதர். என் பிறப்புச் சான்றிதழின் விவரத்தைக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார். தாயார் பெயர் இருக்கிறது, தகப்பனார் பெயர் இருக்கிறது, பிறந்த இடம் இருக்கிறது.

"எல்லாம் கரெக்டாதான கீது மேடம். இதுல இன்னா மாத்தணும்?" என்றார்.

அம்மாவை மாற்ற வேண்டும் என்று எப்படிச் சொல்வது? மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, முறைப்படி தத்தெடுத்திருந்தால் கோர்ட் உத்தரவு இருக்கும், அதை வைத்துப் பழைய பதிவைத் தேடலாம், எனக்கு அப்படி எதுவுமே இல்லையே என்றார். தத்தெடுப்பு சம்பந்தப்பட்ட அரசு அலுவலகத்திலும் இதையேதான் சொன்னார்கள். தத்துக் கொடுக்கப்பட்டவர்கள் வேரைத் தேட ஒரு வழி இருக்கிறதாம். ஆனால் என் அம்மாவே பிரசவித்ததாக அந்த டாக்டரம்மா எழுதிவிட்டதால், சட்டப்படி நான் தத்துப்பிள்ளையே இல்லை. கோர்ட்டுக்கு அலைய வேண்டாம் என்று அவர் செய்த உபகாரம் அது. ஒரு கையெழுத்தில் என்னைப் பெற்றவள் இந்த உலகத்திலேயே இல்லாமல் போய்விட்டாள்.

அப்பாவைக் கேட்டால், "நேக்கு ஒண்ணும் தெரியாது, எல்லாம் உங்கம்மாதான் பாத்துண்டா" என்று சொல்லிவிட்டு கோயிலுக்குக் கிளம்பிவிடுவார். அம்மா போய்விட்ட தைரியம் அவருக்கு. இப்படியே இரண்டு வருடம் ஓடியது.

போன வருடம் பங்குனி மாதம். அம்மா இருந்த வரை என் நட்சத்திரப் பிறந்தநாளை அவள்தான் ஞாபகம் வைத்திருப்பாள். காலையில் போன் செய்து, இன்றைக்கு உன் நட்சத்திரம், தலைக்குக் குளித்துவிட்டுக் கோயிலுக்கு வா என்பாள். சின்ன வயதிலிருந்தே அந்த அர்ச்சனைக்கு அவளும் நானும் மட்டும்தான் போவோம். அப்பாகூட வர மாட்டார். அர்ச்சகரிடம் என் பெயரையும் ரோகிணி என்பதையும் தாழ்ந்த குரலில் சொல்வாள். யார் கேட்டாலும் நட்சத்திரத்தைச் சொல்லாதே, பெயரும் நட்சத்திரமும் தெரிந்தால் செய்வினை வைத்துவிடுவார்கள் என்று என்னையும் பயமுறுத்தி வைத்திருந்தாள். நம் ஊரில் பல வீடுகளில் இப்படிச் சொல்வதுண்டு என்பதால் எனக்கு அது வித்தியாசமாகவே படவில்லை. என் ஜாதகம் வீடு மாறும்போது தொலைந்துவிட்டது என்றாள். காதல் கல்யாணம் என்பதால் அதற்கும் தேவை வரவில்லை.

அம்மா போன பிறகு அந்த நாளை ஞாபகப்படுத்த ஆளில்லை. அதனால் போனில் ஒரு பஞ்சாங்க ஆப்பில் என் பிறந்த தேதியைப் போட்டுப் பார்த்தேன். சுவாதி என்று வந்தது. ஆப் தப்பு என்று நினைத்து இன்னொன்றில் போட்டேன். அதிலும் சுவாதி. காலையில் பிறந்ததாகப் போட்டாலும் ராத்திரி பிறந்ததாகப் போட்டாலும் சுவாதிதான். ரோகிணி எப்போது வந்திருக்கிறது என்று பின்னால் தள்ளிப் பார்த்தேன். சான்றிதழில் இருக்கும் தேதிக்குப் பத்துப் பன்னிரண்டு நாளைக்கு முன்பு.

நாள் நட்சத்திரம் பார்க்காமல் நகம்கூட வெட்ட மாட்டாள் என் அம்மா. அவள் தப்பு செய்ய வழியே இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு மயிலாப்பூருக்குக் கிளம்பினேன்.

அப்பா டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என் நட்சத்திரம் என்ன என்று கேட்டேன். சுவாதி என்றார், படித்துவைத்த மாதிரி. அம்மா ஏன் ரோகிணிக்கு அர்ச்சனை செய்தாள் என்றேன். அவர் கை தட்டிலேயே நின்றுவிட்டது. இன்றைக்கு நீங்கள் சொல்லாவிட்டால் இனிமேல் இந்த வீட்டுப் படி ஏற மாட்டேன் என்றேன். வெறும் மிரட்டல் இல்லை, நிஜமாகவே அந்த முடிவோடுதான் போயிருந்தேன்.

அவர் சொன்னது இதுதான். என்னைப் பெற்றவளுக்குக் கணவன் இல்லை. நான் வயிற்றில் இருக்கும்போதே இறந்துவிட்டான். அண்ணன் வீட்டில் இருந்தாள். நான் ரோகிணியில் பிறந்தேன். ரோகிணிக் குழந்தை தாய்மாமனுக்கு ஆகாது என்று ஒரு பேச்சு இருக்கிறதே, அது போதாதென்று, நான் பிறந்த வாரத்திலேயே அந்த அண்ணன் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டான். அவ்வளவுதான். அவன் வண்டி ஓட்டத் தெரியாமல் விழுந்ததற்கும் நான்தான் காரணம்!

"அந்தாத்துல குழந்தையோட உள்ள வரப்படாதுன்னுட்டா. அவளுக்குப் போக்கிடம் இல்லை. டாக்டர் எங்களைக் கூப்பிட்டா" என்றார் அப்பா.

எனக்குப் பெயர்கூட வைக்கவில்லையாம். பெயர் வைத்துக் கூப்பிட்டுவிட்டால் கொடுக்க மனசு வராது என்று வீட்டுப் பெரியவர்கள் தடுத்துவிட்டார்களாம். இதில் மட்டும் எவ்வளவு விவரம் பாருங்கள். என்னை அம்மாவிடம் கொடுத்த தேதியையே பிறந்த தேதியாக டாக்டர் எழுதிவிட்டார். இந்தப் பக்கம் அம்மாவுக்கும் ஒரு அண்ணா உண்டே, நங்கநல்லூர் மாமா. அந்த வீட்டில் விரட்டிய காரணம் இந்த வீட்டுக்கும் வந்துவிடக்கூடாது என்று சுவாதியையே எல்லோரிடமும் சொல்லிவிட்டார்கள்.

அப்பா நர்ஸிங் ஹோம் வாசலில் டாக்ஸியில் காத்திருந்தார். அம்மா மட்டும்தான் உள்ளே போனாள். பெற்றவளைப் பார்க்கக் கூடாது என்பது டாக்டரின் ஏற்பாடு. ஆனால் அம்மா அறைக்குள் போனபோது அவள் இன்னும் எனக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாளாம். நர்ஸ் வந்து என்னை வாங்கி அம்மாவிடம் கொடுத்தாளாம். அம்மா கிளம்பும்போதுதான் பெற்றவள் வாய் திறந்திருக்கிறாள்.

"ரோகிணி. வருஷா வருஷம் ஒரு அர்ச்சனை மட்டும் பண்ணிடுங்கன்னாளாம். உங்கம்மா டாக்ஸியில அழுதுண்டே சொன்னா" என்றார் அப்பா.

கொடுத்தாளா, பிடுங்கினார்களா என்ற என் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அவள் பெயர் என்ன, எந்தத் தெரு, எதுவும் அப்பாவுக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரிந்திருக்கலாம். வாக்குக் கொடுத்தபடி வருஷம் தவறாமல் அர்ச்சனை செய்த அம்மா, அதை என்னிடம் சொல்லாமலே போய்விட்டாள். அவள் மேல் எனக்கு இருக்கும் பிரியமும் கோபமும் இப்போது ஒன்றாகக் கிடக்கின்றன. இரண்டையும் பிரிக்கத் தெரியவில்லை.

அந்த வருட பங்குனி ரோகிணி ஒரு வாரத்தில் வந்தது. வேண்டுமென்றேதான் நங்கநல்லூருக்குப் போனேன். மாமாவுக்கு எண்பத்தைந்து தாண்டிவிட்டது. சர்க்கரை கிடையாது, ரத்தக்கொதிப்பு கிடையாது, ஆஞ்சநேயர் கோயிலுக்கு இன்றும் நடந்தே போவார். அவர் மடியில் உட்கார வைத்துத்தான் எனக்குக் காது குத்தினார்கள். அந்த போட்டோவில் அம்மா முகம் மட்டும் ஏன் அப்படி வெளிறிக் கிடக்கிறது என்று எனக்கு இப்போதுதான் தெரிந்தது. பயந்துகொண்டேதான் என்னை அவர் மடியில் கொடுத்திருக்கிறாள். ரோகிணி நாற்பது வருஷத்துக்கு மேலாக அவரை ஒன்றும் செய்யவில்லை. மடியில் உட்கார்ந்துமே செய்யவில்லை.

மாமாவைக் கோயிலுக்கு அழைத்துப் போனேன். அர்ச்சகர் பெயர், நட்சத்திரம் கேட்டார். பெயரைச் சொல்லிவிட்டு, ரோகிணி என்றேன், வரிசையில் பின்னால் நின்றவர்களுக்கும் கேட்கும்படி.

மாமா என் பக்கம் திரும்பி, "நீ சுவாதியோன்னோ?" என்றார்.

"இல்லை மாமா. ரோகிணி. அம்மாவுக்குத் தெரியும்."

அவர் என்னை விட்டு அரை அடி தள்ளி நின்றார்.

யோசித்துச் செய்யவில்லை, கால் தானாக நகர்ந்துவிட்டது. என்னைத் தோளில் தூக்கி அறுபத்துமூவர் விழா காட்டியவர், என் பெண்ணின் காலேஜ் அட்மிஷனுக்கு வெயிலில் கூட வந்து நின்றவர். அவரே தள்ளி நின்றார். தீர்த்தம் வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும், என் கையைப் பிடித்துக்கொண்டு, "போனது போகட்டும். இதை யார்கிட்டயும் சொல்லிண்டிருக்காதே" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. கால் உடைந்த அந்த அண்ணனும் நல்லவனாகத்தான் இருந்திருப்பான், தங்கை மேல் அன்பு வைத்தவனாகத்தான் இருந்திருப்பான். இப்படித்தான் அவனும் அரை அடி தள்ளி நின்றிருப்பான்.

அன்றிலிருந்து கேட்பவர்களிடமும் சொல்கிறேன், கேட்காதவர்களிடமும் சொல்கிறேன். அதனால்தான் இதையும் எழுதுகிறேன். என் நட்சத்திரம் ரோகிணி. எங்கேயோ ஏதோ ஒரு கோயிலில், வருஷா வருஷம் பங்குனி ரோகிணி அன்று அர்ச்சனைத் தட்டோடு நின்று, குழந்தையின் பெயர் என்ன என்று அர்ச்சகர் கேட்கும்போது பதில் தெரியாமல் நிற்கும் ஒருத்தி இன்னும் இருக்கலாம். அவளை அப்படி நிற்க வைத்தவர்கள் ஒருவரையும் நான் மன்னிப்பதாக இல்லை.