மாப்பிள்ளையும் மேற்கு உத்திரமும்

எங்கள் வீட்டில் இரண்டு அம்பாசிடர் கார்கள் இருந்தன. வெள்ளை வண்டி ஓடும், ஆனால் மலை ஏறாது. நீல வண்டியின் இன்ஜின் மலை ஏறும், ஆனால் வண்டி நகராது. இந்த இரண்டுக்கும் நடுவில் என் மாப்பிள்ளை சுந்தரமூர்த்தி மாட்டிக்கொண்டு நின்றார். அவரைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

அவருக்குச் சொந்த ஊர் திருவாலங்காடு. அப்பாவுக்குக் கரும்பு நிலம், வீடு நிறைய அண்ணன்கள், இவர் கடைசி. என் ஒரே மகள் சந்திராவைக் கட்டிக்கொண்டு திருத்தணியில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். வீட்டோடு மாப்பிள்ளை என்றால் ஊர் என்ன பேசும் என்று உங்களுக்குத் தெரியாததில்லை. ரயிலடி டீக்கடையில் ஒருவன், "இன்னா சுந்தரம், மாமியார் ஊட்டு சோறு ஒடம்புல நல்லா ஒட்டுது போல" என்றிருக்கிறான். இவர் டீக்கடையை மாற்றிக்கொண்டார். கூடவே இந்த வீட்டில் எதையும் வாய்விட்டுக் கேட்பதில்லை என்றும் வைத்துக்கொண்டார். குழம்பில் உப்பு இல்லையென்றால் உப்பில்லாமலே சாப்பிட்டுவிட்டு எழுந்துபோவார். சந்திரா பிறகு உட்கார்ந்து வாயில் வைக்கும்போதுதான் எங்களுக்கு விஷயம் தெரியும்.

நானும் லேசுப்பட்டவள் இல்லை. மாமியார்க்காரி மாப்பிள்ளையின் முகம் பார்த்துப் பேசுவது எங்கள் வழக்கத்தில் மரியாதை கிடையாது. இப்போதெல்லாம் பேசுகிறார்கள், பக்கத்தில் உட்கார்ந்து சீரியல்கூடப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். என் அம்மா பேசவில்லை, நானும் பேசவில்லை. அவர் உள்ளே வந்தால் நான் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன். சொல்லவேண்டியதைச் சந்திராவிடம் சொல்வேன், அவள் அவரிடம் சொல்லுவாள். அவர் கைக்கெட்டும் தூரத்தில் நின்றாலும் அப்படித்தான். மழை வருது, துணியை எடுக்கச் சொல்லு என்பேன். நனைந்துகொண்டு நிற்கிற மனுஷரிடம் அவள், "மழ வருதாம்" என்பாள். சென்னையில் நர்ஸுக்குப் படிக்கிற என் பேத்தி அபி, பாட்டியிலிருந்து அப்பாவுக்கு நேராகச் சிக்னல் கிடைக்காது, அம்மா டவர் வழியாகத்தான் போகும் என்று கேலி செய்வாள்.

வெள்ளை வண்டி மாப்பிள்ளை சம்பாதித்து வாங்கியது. ரயிலடியில் நிறுத்தி வைத்திருப்பார். நகரி, புத்தூர் பக்கத்திலிருந்து வருகிற தெலுங்குக் குடும்பங்கள் அதைப் பார்த்ததும் "பெத்த பண்டி", பெரிய வண்டி என்று பாட்டி, தாத்தா, கைக்குழந்தை எல்லாரோடும் ஏறிக்கொள்வார்கள். மலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு திரும்புவார்கள். பின்சீட்டின் முதுகில் வட்டம் வட்டமாகச் சந்தனக் கறை இருக்கும். அதை அவர் துடைப்பதே இல்லை.

போன வருஷத்திலிருந்து அந்த இன்ஜின் புகை தள்ள ஆரம்பித்தது. அப்புறம் ஏற்றத்தில் திணறியது. ஒருநாள் மலையின் கடைசி வளைவில் நின்றேபோய்விட்டது. சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, ஏறியவர்களையெல்லாம் இறங்கி நடக்கச் சொல்லவேண்டியதாயிற்று. ஒரு கிழவி தேங்காய்ப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு வெயிலில் ஏறியதைச் சந்திராவிடம் சொன்னாராம். அன்றோடு மலைச் சவாரியை விட்டுவிட்டார். மலை ஏறாத வண்டிக்குத் திருத்தணியில் என்ன வேலை? ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஆட்களை ஏற்றிப் போகும் பஸ்ஸுக்கு டிரைவர் வேண்டுமென்றார்கள். அங்கேயே தங்கவேண்டும், எப்போதாவது வீட்டுக்கு வரலாம். திங்கட்கிழமை வந்து சேர்ந்துகொள் என்று சொல்லிவிட்டார்கள். இவரும் பையில் துணி எடுத்து வைத்துவிட்டார்.

நீல வண்டி என் வீட்டுக்காரருடையது. போய்ச் சேருவதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் இன்ஜினை இறக்கி எல்லாம் புதுசாகப் போட்டிருந்தார். அப்புறம் வண்டி கொட்டகையிலேயே நின்றுவிட்டது. தரைத்தகடு துருப்பிடித்து உதிர்ந்தது, சக்கரம் இறுகிக்கொண்டது, சீட்டுக்குள் எலி குட்டி போட்டது. ஆனால் வெள்ளிக்கிழமை தவறாமல் மாப்பிள்ளை போய் அந்த இன்ஜினை மட்டும் ஓடவிட்டு, கேட்டுவிட்டு, நிறுத்தி மூடிவைப்பார். யாரும் செய்யச் சொல்லவில்லை. அதை எடுத்துத் தன் வண்டியில் போட்டுக்கொள்ளட்டுமா என்று ஒருதரம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் கொடுப்போம் என்று நானும் இருந்தேன். துணிப்பை வாசலுக்கு வந்த பிறகுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நீல வண்டியில் எலி குடும்பம் நடத்துகிறது, இன்ஜினை எடுத்து வெள்ளையில் மாட்டிக்கொள்ளச் சொல்லு என்று சந்திராவிடம் சொன்னேன். அவர் கே.ஜி.கண்டிகையில் மெக்கானிக்காக இருக்கிற தன் சிநேகிதன் ஜெகநாதனுக்குப் போன் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜெகநாதன் செயின் பிளாக்கோடு வந்தான். இரும்புக் கப்பியில் சங்கிலி கோத்தது, இழுக்க இழுக்கப் பாரம் மேலே போகும். எங்கள் கொட்டகை மண்சுவர், மேலே தகரம், நடுவில் கிழக்கு மேற்காக ஒரு பனை உத்திரம். கிழக்கே நீலம், மேற்கே வெள்ளை. அந்த உத்திரத்தில் ஒரு விஷயம் உண்டு. மேற்குச் சுவருக்குள் போகிற நுனியைச் செல் அரித்துவிட்டது. வெளியே தெரியாமல் மண் குழைத்துப் பூசியிருந்தோம். தகரத்தைத் தாங்க அது போதும். இன்ஜினைத் தாங்குமா?

அதனால் வேலை தொடங்கும் முன்பே சந்திராவைக் கூப்பிட்டு, மேற்குப் பக்கம் கப்பி மாட்டவேண்டாம், உத்திரம் செல்லரித்தது என்று சொல்லச் சொன்னேன். அவள் கையெல்லாம் இட்லி மாவு. போகிற போக்கில், "அம்மா மேற்கால மாட்ட வேணாம்னாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினாள். மாப்பிள்ளை ஏன் என்று கேட்கவில்லை. அவர்தான் எதுவும் கேட்கமாட்டாரே. மேற்குச் சுவரை நிமிர்ந்து பார்த்தார். அங்கே என் வீட்டுக்காரர் மாட்டிய முருகன் படம் இருந்தது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, தோளில் இருந்த துண்டால் பிடித்துப் படத்தைக் கழற்றி, பின்கதவருகே கொண்டுவந்து சுத்தமான பலகையில் வைத்தார். சாமி மேல் எண்ணெய் தெறிக்கக்கூடாது என்று பார்க்கிற மனுஷர் என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஏன் எடுத்தார் என்று என் புத்திக்கு அப்போது எட்டவில்லை.

நீல வண்டியின் இன்ஜினைக் கிழக்கிலேயே மாட்டித் தூக்கிப் பழைய டயர்கள் மேல் இறக்கினார்கள். நல்லபடியாக முடிந்தது. மதியச் சாப்பாடு ஆனதும் சந்திரா, லீவுக்கு வந்திருந்த அபியை ரயிலேற்றிவிடப் போனாள். நான் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். சங்கிலிச் சத்தம் கேட்டு எழுந்து பின்கதவுக்கு வந்து பார்த்தால், வெள்ளை வண்டியின் பழைய இன்ஜின் வெளியே கிடக்கிறது. நீல வண்டியின் இன்ஜின் வெள்ளை வண்டிக்கு மேலே தொங்குகிறது. கப்பி மேற்கே மாட்டியிருக்கிறது.

பானெட் கழற்றிய வண்டிக்குள் மாப்பிள்ளை குனிந்திருந்தார். இரண்டு கைகளும் முழங்கைவரை உள்ளே, இன்ஜினுக்கு அடியில். கியர் பெட்டியின் தண்டு இன்ஜினுக்குள் நேராகப் போய் உட்காரவேண்டும், அதற்காகத் தடவித் தடவிப் பிடித்துக்கொண்டிருந்தார். ஜெகநாதன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சங்கிலியைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டான். ஒவ்வொரு விடலுக்கும் மேற்குச் சுவரிலிருந்து மண் உதிர்ந்தது. முதலில் மாவு போல. அப்புறம் கட்டி கட்டியாக. பூசிய இடம் வாய் பிளந்து, உள்ளே பழைய புற்றுமண் தெரிந்தது.

ஜெகநாதனோடு நான் பேசலாம், அவன் மாப்பிள்ளை இல்லை. "ஜெகநாதா, நிறுத்து" என்றேன். அவன் திரும்பாமலே, "டீ அப்பறம் குடிச்சிக்கிறோம் அத்தே" என்றான்.

உத்திரம் முனகியது. சத்தமாக இல்லை, தூக்கத்தில் ஆள் புரண்டு படுப்பது போல. தகரத்தில் ஒரு ஆணி தெறித்தது. மாப்பிள்ளை தலையைத் தூக்கவில்லை, தண்டைப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் இன்னும் கொஞ்சம் விடு, இன்னும் கொஞ்சம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்திலும் என் வாய் பழைய வழியிலேயே போயிற்று. "ஜெகநாதா, அவர கைய எடுக்கச் சொல்லு" என்றேன்.

"யார? எத எடுக்கச் சொல்றது?" என்று அவன் இப்போதுதான் திரும்பினான். திரும்பியவன் கையிலிருந்து சங்கிலி ஒரு பிடி நழுவ, உத்திரத்தின் நுனி சுவரை விட்டு ஒரு விரற்கடை வெளியே வந்துவிட்டது.

நான் கதவைத் தாண்டி வெளியே வந்துவிட்டேன். முந்தானை எங்கே இருந்தது என்று தெரியாது.

"சுந்தரம், கைய எடுடா."

அந்த மனுஷர் அதுவரை என் குரல் தன் பெயரைச் சொல்லிக் கேட்டதில்லை. அதிர்ந்துபோய் இரண்டு கைகளையும் உருவிக்கொண்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அப்படி நிமிர்ந்ததுதான். மேற்கு நுனி சுவரைப் பிளந்துகொண்டு இறங்கியது. இன்ஜின் அவர் கை இருந்த இடத்திலேயே போய் விழுந்தது. வண்டியின் மூக்கு தரையைத் தொட்டு எழும்பியது. ஒரு தகரம் சரிந்து நீல வண்டிமேல் விழுந்தது. அப்புறம் புழுதி. யார் இருக்கிறார்கள், இல்லை என்று தெரியாத புழுதி.

 அது அடங்கியதும் பார்த்தேன். மாப்பிள்ளை தன் கைகளை முன்னால் நீட்டி, திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். யாருடைய கையையோ பார்ப்பதுபோல.  முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஜெகநாதன்தான் முதலில் பேசினான். "உள்ள வெறும் மண்ணுதான் இருக்குது. காலையிலயே சொல்லக்கூடாதா அத்தே?"

"சொல்லி அனுப்பினேனே" என்றேன் கதவுக்குப் பின்னாலிருந்து.

மாப்பிள்ளை தரையைப் பார்த்துச் சொன்னார். "சாமி படத்துக்காகச் சொல்றாங்கன்னு நெனச்சிகினேன். அதான் படத்த எடுத்து வெச்சிட்டு மாட்டினேன்."

பலகையில் இருந்த முருகனைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்கென்ன.

இன்ஜின் பிழைத்ததா என்பது அடுத்த கவலை. இருட்டுவதற்குள் பார்த்தாகவேண்டும், விடிந்தால் திங்கட்கிழமை. அடியில் இருக்கிற ஆயில் தொட்டி நசுங்கி விரிசல் விட்டிருந்தது. எண்ணெய் சொட்டுச் சொட்டாக மண்ணில் விழுந்ததைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளை போய்க் கைகழுவ ஆரம்பித்தார். இனி பஸ்தான் என்று முடிவு கட்டிய கழுவல் அது. ஜெகநாதன் விடவில்லை. ரெண்டும் ஒரே ஜாதி இன்ஜின், பழசில் இருக்கிற தொட்டியைக் கழற்றி இதில் போடலாம், வாடா என்று இழுத்துவந்தான். மூன்று சவுக்குக் கம்பங்களை நட்டு மேலே கட்டி, அதில் கப்பியை மாட்டினார்கள். சந்திரா ரயிலடியிலிருந்து திரும்பி, சரிந்த கொட்டகையைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். நடந்ததை ஜெகநாதன் சொன்னான். அவள் முதலில் கேட்டது, "'டா'வா சொன்னாங்க?" என்றுதான்.

இந்தத் தரம் அவர் கையை அடியில் விடும்போதெல்லாம் நான் கம்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். கதவுக்கு வெளியில்தான் நின்றேன். அவரும் ஒவ்வொரு தரமும் கையை விடுமுன் தலையைத் தூக்கி ஒருதரம் என் பக்கம் பார்த்தார். நான் சும்மா நின்றால் கையை விட்டார். 

பொழுது சாய்கிற நேரத்தில் சாவியைத் திருப்பினார். சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினார். பிடிக்கவில்லை. ஜெகநாதன் டீசல் குழாயில் எதையோ தளர்த்திக் காற்றை வெளியேற்றினான். மறுபடி. இருமி, கறுப்பாகப் புகை தள்ளி, பிடித்துக்கொண்டது. வெள்ளை வண்டிக்குள்ளிருந்து நீல வண்டியின் சத்தம் வந்தது. மாப்பிள்ளை வெள்ளிக்கிழமைகளில் நிற்பதுபோலவே தலையைச் சாய்த்துக் கேட்டார். ஆனால் நின்ற இடத்தில் ஓடினால் போதுமா? ஏறவேண்டுமே.

"சந்திரா, அம்மாவயும் ஏறச் சொல்லு" என்றார்.

சந்தனக் கறை சீட்டில் நானும் அவளும் உட்கார்ந்தோம். ஜெகநாதன் முன்னால்.  முதல் வளைவு, அடுத்தது, அதற்கும் அடுத்தது. இன்ஜின் முக்கியது, ஆனால் திணறவில்லை. கடைசி வளைவு வந்தபோது மாப்பிள்ளையின் கழுத்து விறைத்துக்கொண்டதைப் பார்த்தேன். கல் வைத்த இடம் அது, கல் இன்னும் ஓரமாகக் கிடந்தது. கியரை இறக்கினார். வண்டி ஒரு கணம் யோசித்தது. நான் முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். அப்புறம் சத்தம் மாறி, கல்லைத் தாண்டி, வண்டி மேலே போயிற்று. கோபுர விளக்கு கண்ணாடியில் தெரிந்தது. அவர் கழுத்து அப்போதும் தளரவில்லை. வண்டியை நிறுத்தி இறங்கி, மட்கார்டு மேல் கையை வைத்து நின்ற பிறகுதான் தளர்ந்தது.

காலையில் கம்பெனியிலிருந்து போன் வந்தது. மாப்பிள்ளை வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார், நான் கதவுக்குப் பின்னால் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். "வர முடியாதுங்க" என்றார். அந்தப் பக்கம் ஏன் என்று கேட்டிருப்பார்கள்.

"ஊட்ல பெரியவங்க போகக்கூடாதுன்னு சொல்ட்டாங்க. அவங்க பேச்சத் தட்ட முடியாதுங்க."

நான் அப்படி ஒரு வார்த்தை சொல்லவே இல்லை. உடனே சந்திராவைக் கூப்பிட்டு, நான் எப்போது அப்படிச் சொன்னேன் என்று அவரைக் கேட்கச் சொன்னேன். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "நீயே கேளு, சத்தமா கேக்கத்தான் தெரியுமே" என்றாள்.

நான் கேட்கவில்லை. கீரைத்தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அன்றைக்குக் குழம்பில் உப்பு குறைச்சல் போலிருக்கிறது. "சந்திரா, உப்பு கொண்டா" என்று கூடத்திலிருந்து கேட்டார்.